ஏணி வைக்க இடமில்லாத கலன்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் பாதுகாப்பு விதிப் புத்தகம் என்று ஒன்று உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை முழுக்கப் படித்தவர் ஒருவரும் இல்லை; அதைக் காட்டி அடுத்தவரை மிரட்டாதவரும் ஒருவரும் இல்லை. அதன் நாற்பத்தோராம் பக்கத்தில், ‘சுவர் உடையதாகவும், சுவருக்குள் ரசாயன மாற்றம் நடப்பதாகவும் உள்ள எதுவும் வினைக்கலன் எனப்படும்’ என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்துவிட்டு, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டான். அவன் மனதில் இருந்தது இரும்பில் மூன்று மாடி உயரத்துக்கு நிற்குமே, அந்த மாதிரிக் கலன். மனதில் இருந்ததை எழுத மறந்துவிட்டான். அந்த ஒரு வரியில் வந்து மாட்டிக்கொண்டவள்தான் குமிழம்மா.

குமிழம்மா என்பது உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். இரண்டாவது மாடியில், ஜன்னல் திறக்க வராத கடைசி அறையில் உட்கார்ந்து அவள் குமிழ் செய்வாள். சோப்புக் குமிழ் இல்லை. கொழுப்பை மெல்லிய தோலாக்கித் தண்ணீருக்குள் உருட்டிவிட்டு, உள்ளே ஒரு நொதியை வைத்து மூடிவிடுவாள். நம் உடம்பிலுள்ள செல் தனக்கென்று ஒரு சுவரை வைத்துக்கொண்டு உள்ளே தன் பாட்டுக்குச் சமையல் செய்கிறதல்லவா, அதையேதான் இந்தச் செயற்கைக் குமிழும் செய்யும். ஆனால் ஒரே ஒரு சமையல்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டரை இருநூறாக வெட்டினால் அதில் ஒரு துண்டு என்ன அளவோ, அதுதான் ஒரு குமிழின் உயரம். உள்ளங்கையில் அடங்கும் புட்டி ஒன்றில் இருபதாயிரம் கோடி குமிழ்கள் இருக்கும். நான்கு வருடம் அவை செய்த அன்றைக்கே உடைந்தன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, சமயத்தில் காரணமே சொல்லாமல் காணாமல் போயின. கடைசியில் கொழுப்பின் சேர்மானத்தை மாற்றி மாற்றி, ஒன்பது நாள் உடையாமல் நிற்க வைத்தாள். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் வெறும் கலங்கல் தண்ணீர்தான் இருக்கும்.

இந்த ஒன்பது நாளுக்காக அவள் தவம் கிடந்ததற்குக் காரணம் அவளுடைய அக்கா. அக்கா தையல்காரி. வாயும் கத்தரிக்கோலும் ஒரே வேகத்தில் ஓடும். ஐந்து வருடத்துக்கு முன் அவள் ஈரலில் ஒரு நொதி, ஒன்றே ஒன்று, வேலையை நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து ரத்தத்தில் நஞ்சு சேருகிறது. கை நடுங்கும். பேசிக்கொண்டே இருப்பவள் பாதியில் நின்று, “அது... அதான்... கதவுல தொங்குமே” என்று பூட்டுக்குப் பெயர் தெரியாமல் முழிப்பாள். சில நாள் தூங்கினால் எழுப்பவே முடியாது. எழுப்பும்வரை குமிழம்மாவுக்கு உயிர் உயிராக இருக்காது.

அக்காவைப் பார்க்கிற டாக்டர் கறாரான மனிதர். ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு உருளை வழியாக ஓடவிட்டு, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் இயந்திரம் அவரிடம் இருந்தது. அந்த உருளைக்குள் குமிழ்களை நிரப்பினால், அக்காவின் ஈரல் செய்யாத வேலையை அவை செய்துவிடும்.

“ஆஸ்பத்திரி பக்கத்து அனுமதிய நான் வாங்கிட்டேன்” என்றார் அவர். “நீங்க குமிழ் கொண்டு வாங்க. கூடவே ஒரு காகிதம் வேணும். இது எங்க நிறுவனத்துல செஞ்சது, சோதிச்சுப் பார்த்தோம், முழுத் தரத்துல இருக்கு, வேலை செய்யுதுன்னு எழுதி, பொறுப்புல இருக்கற ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கணும். ஒரு கையெழுத்து போதும். அது இல்லாம மனுஷ ரத்தத்துல நான் எதையும் கலக்க மாட்டேன்.”

“எத்தனை நாள் டாக்டர் இருக்கு?”

“ஒரு வருஷம்னு வெச்சுக்குங்க. அதுக்கு மேல மூளை தாங்காது.”

ஒரு கையெழுத்துதானே, ஒரு வாரத்தில் வாங்கிவிடலாம் என்று குமிழம்மா நினைத்தாள். அந்த நிறுவனத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தும் அவளுக்கு இப்படி நினைக்கத் தோன்றியது என்றால், அவள் எவ்வளவு வெள்ளந்தி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிப்படி குமிழும் வினைக்கலன்தான்; குழுவின் அனுமதி இல்லாத கலனுக்கு அங்கே ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஆகவே முதலில் விண்ணப்பம். வினைக்கலன் அனுமதிக் குழுவின் எழுத்தர் படிவத்தை நீட்டினார். கலனின் உயரம் மீட்டரில் எவ்வளவு என்று ஒரு கட்டம். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்துக்குத்தான் அதில் இடம் இருந்தது. குமிழம்மா எப்படிக் குறுக்கி எழுதிப் பார்த்தாலும் குமிழின் உயரம் சைபருக்கு மேல் ஏறவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தாள். நான்காம் நாள் படிவம் திரும்பி வந்தது. ‘உயரமில்லாத கலன் இல்லாத கலன், இல்லாத கலனுக்கு அனுமதி கோருவது குழுவின் நேரத்தை வீணாக்குவது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

“இப்ப நான் என்ன சார் பண்றது?” என்று எழுத்தரிடம் கேட்டாள்.

“கொஞ்சம் உயரமாப் பண்ணிக்கொண்டு வாங்களேன்” என்றார் அவர். மனதார உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

கடைசியில் இருபதாயிரம் கோடி குமிழ்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன உயரம் வரும் என்று கணக்குப் போட்டு, ஆயிரம் கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தாள். அது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டதோடு, இவ்வளவு உயரமான கலன் விமானங்களுக்கு இடைஞ்சல் என்று உச்சியில் சிவப்பு விளக்குப் பொருத்தச் சொல்லிக் கூடுதலாக ஒரு உத்தரவும் வந்தது.

அடுத்தது ஆய்வு. பாதுகாப்பு அதிகாரி வந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் கழற்றமாட்டார் என்று கேன்டீனில் சொல்வார்கள். நுண்ணோக்கியில் குனிந்தார். ஹெல்மெட் விளிம்பு இடித்துக் கண் எட்டவில்லை. கழற்றச் சொன்னதற்கு, “கலன் இருக்கற இடத்துல ஹெல்மெட்டக் கழற்றக் கூடாதும்மா, விதி” என்று சொல்லிவிட்டு, பார்க்காமலேயே ஆய்வைத் தொடங்கினார்.

“ஏணி எங்க?”

“ஏணி எதுக்கு சார்?”

“மேல ஏறிப் பார்க்க.”

“ஏறினா உடைஞ்சிரும் சார். ஏணி வைக்கவே இடம் கிடையாது. கண்ணுக்கே தெரியாதது.”

அவர் குறித்துக்கொண்டார். “அவசர வழி?”

“கதவே இல்ல சார். முழுசா மூடின குமிழ்.”

“உள்ள வேலை நடக்குதுன்னு சொல்றீங்க. வேலை செய்யறவங்க எப்படி வெளிய வருவாங்க?”

“உள்ள யாரும் இல்ல சார். ஒரு நொதி இருக்கு, அவ்வளவுதான். அது வெளிய வரக் கூடாதுன்னுதான் சுவரே கட்டியிருக்கோம்.”

பாதுகாப்பு அதிகாரி பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தைந்து வருடப் பணியில் இவ்வளவு கல்நெஞ்சக்காரியை அவர் பார்த்ததில்லை போலும். ‘பணியாளர்கள் கதவில்லாத கலனில் அடைத்துவைக்கப்பட்டுள்ளனர். ஷிப்ட் முறை இல்லை’ என்று எழுதினார். ஒவ்வொரு கலனிலும் ஒரு சாண் அகலத்தில் எண்பலகை மாட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தீயணைப்பான் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். இருபதாயிரம் கோடி தீயணைப்பான்களை எங்கே வைப்பது என்று அவள் கேட்டதற்கு, அது சேமிப்புக் கிடங்குக்காரர்களின் கவலை, தன்னுடையது இல்லை என்றார்.

இதையெல்லாம் ஒருவழியாகத் தாண்டிக் குழுவின் முன்னால் போனாள். குழுவில் பதினோரு பேர். பதினோரு கையெழுத்தும் விழுந்தால்தான் அனுமதி. குழு பதினான்கு நாளுக்கு ஒருமுறை கூடும். குமிழ் ஒன்பது நாள்தான் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும். குழுவுக்கும் தெரியும், படிவத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாள். விண்ணப்பத்தோடு மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைத்த மாதிரி அடுத்த கூட்டத்துக்குள் கலங்கல் தண்ணீராகிவிடும். செயலாளர் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார். ‘மனுவில் குறிப்பிட்ட கலன்கள் காணப்படாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது’ என்று தீர்மானம் எழுதப்படும். தேநீர் வரும்.

“சார், கூட்டத்தன்னிக்குக் காலையில நான் புதுசாக் கொண்டு வந்து தரேனே” என்று கெஞ்சிப் பார்த்தாள்.

“விண்ணப்பிச்சது ஒரு கலன், காட்டறது இன்னொரு கலனா?” என்றார் செயலாளர். “அது ஆள்மாறாட்டம் இல்லையாம்மா?”

எட்டு மாதத்தில் பதினாறு கூட்டம். பதினாறு முறை மனு முடித்துவைக்கப்பட்டது. இதற்குள் அக்கா தையல் இயந்திரத்தை மூடிவைத்துவிட்டாள். ஒரு நாள் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்று மரியாதையாகக் கேட்டாள். குமிழம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதே வாரம் நிறுவனத்தில் ஒரு விழா. செயற்கைக் குமிழ்களில் நிறுவனம் படைத்த சாதனையை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்து, வாசலில் கண்ணாடி இழையில் ஒரு குமிழ் கட்டியிருந்தது. இரண்டு மாடி உயரம். கதவு உண்டு, ஏணி உண்டு, எண்பலகை உண்டு, உச்சியில் சிவப்பு விளக்கும் உண்டு. படிவத்தின் எல்லாக் கட்டமும் நிரம்பியதால் குழு அதற்கு நான்கே நாளில் அனுமதி கொடுத்துவிட்டது. இயக்குநர் ரிப்பன் வெட்டி, கலனுக்குள் போய், மறுபக்கக் கதவு வழியாக வெளியே வந்து மைக்கைப் பிடித்தார்.

“சிலர் கேக்கறாங்க, இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு. பெருமையாச் சொல்றேன், ஒண்ணும் நடக்கல. நடந்தாத்தானே விபத்து? இந்த நிறுவனத்துல பதினெட்டு வருஷமா ஒரு விபத்து கிடையாது. ஏன்? இங்க ஒண்ணுமே நடக்க நாங்க விட்டதில்ல. அடுத்த பதினெட்டு வருஷமும் விட மாட்டோம்னு உறுதி சொல்றேன்.”

கைதட்டல் அடங்க நேரமானது. கடைசி வரிசையில் நின்ற குமிழம்மாவும் பழக்கதோஷத்தில் தட்டினாள். தட்டிவிட்டுத் தன் கைகளையே பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. பதினாறு வருடத்தில் முதல்முறை.

மறுநாள் காலை புதிதாகச் செய்த புட்டியை ஐஸ் போட்ட சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் ஒரு பதிவேடு உண்டு. வெளியே எது கொண்டு போனாலும் அதில் எழுத வேண்டும். திருடப் போகிறவள் பேசாமல் போக வேண்டியதுதானே? இவளுக்கு அது வரவில்லை. பொருள் என்ற இடத்தில் ‘வினைக்கலன்’ என்றும், எண்ணிக்கை என்ற இடத்தில் ‘இருபதாயிரம் கோடி’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாட்ச்மேன் எழுதியதைப் படித்தார். பையைப் பார்த்தார்.

“லாரி வருதாம்மா?”

“இல்லண்ணே, நானே எடுத்துட்டுப் போறேன்.”

“பார்த்துப் போங்க, வெயிட்டா இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

டாக்டர் புட்டியை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தார். பிறகு கையை நீட்டினார். “காகிதம்?”

“கிடைக்கல டாக்டர். கிடைக்கவும் கிடைக்காது. அக்காவுக்கு என்னையே தெரியல.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நான் உங்களை நம்பறேன்மா. ஆனா என் நம்பிக்கையை நம்பி ஒருத்தர் ரத்தத்துல கை வைக்க முடியாது. ஒன்பது நாள் பெட்டியில இருக்கட்டும். எப்படியாவது வாங்கிட்டு வாங்க.”

அவள் நிறுவனத்துக்குத் திரும்பும் முன்பே பதிவேடு செயலாளரின் மேஜைக்குப் போய்விட்டிருந்தது. அன்று பிற்பகலே விசாரணை. பதினான்கு நாளுக்கு ஒருமுறை கூடுவதற்கே ஆள் தேட வேண்டிய குழு, தொலைபேசி அடித்த ஒரு மணி நேரத்தில் பதினோரு பேரும் ஆஜர். தண்டனை கொடுக்கும் கூட்டத்துக்கு அங்கே யாரும் விடுப்பு எடுப்பதில்லை.

“கலன்கள் இல்லைன்னு பதினாறு தடவ நீங்களே எழுதியிருக்கீங்களே சார், இல்லாததை நான் எப்படித் திருட முடியும்?” என்று அவள் கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்.

மூத்த உறுப்பினர் ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். “இல்லைங்கறதா? எட்டு மாசமா நாங்க கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தின கலன்மா அது. ஒரு நோயாளி கைக்குப் போயிடாம, ஒரு ஆள் தொட்டுடாம, எப்படிக் காப்பாத்தியிருப்போம். ஒரே நாள்ல கொண்டு போய் உபயோகத்துக்குக் குடுத்துட்டியே.”

பிறகு ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. போனது பழுதான பொருள் என்றால் எச்சரிக்கை மட்டும்தான் கொடுக்கலாம். முழுத் தரத்தில் இருந்த பொருள் என்றால்தான் வேலையை விட்டு நீக்கலாம். எச்சரிக்கையோடு விட யாருக்கும் மனமில்லை. அறையில் மிச்சமிருந்த மாதிரியைத் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் ஒருவரும் திறந்து பாராத அவளுடைய நோட்டுப் புத்தகங்களைப் பதினோரு பேரும் பங்கு போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. பதினான்கு சோதனையிலும் தேர்ச்சி. “பிரமாதம்” என்றார் செயலாளர். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை யாரும் பார்த்ததில்லை. புட்டியைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டார். கலன் ஒன்றுக்கு ஒரு லாரியும் இரண்டு கொடி பிடிப்பவர்களும் வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி விதியைக் காட்டியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

பணிநீக்க உத்தரவின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு குமிழம்மா வெளியே வந்தாள். எங்கே போவதென்று தெரியவில்லை. கால் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்தது. அக்காவை முந்தின இரவே அங்கே சேர்த்திருந்தார்கள், எழுப்ப முடியவில்லை. டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். உத்தரவை அவரிடம் நீட்டினாள்.

அவர் படித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டாம் தடவை வாய்விட்டே படித்தார்.

“‘எமது நிறுவனத்தில் தயாரிக்கப்பட்டவையும், பதினான்கு சோதனைகளிலும் தேறியவையும், முழுத் தரத்துடன் செவ்வனே இயங்கும் நிலையில் இருந்தவையுமான இருபதாயிரம் கோடி வினைக்கலன்களை...’” நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். “என்னம்மா, நான் கேட்டது ஒரு கையெழுத்து. நீங்க பதினொண்ணு வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

குமிழம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர் நர்ஸைக் கூப்பிட்டுக் குளிர்பெட்டியைத் திறக்கச் சொல்லியிருந்தார்.

நாலு மணி நேரம் இயந்திரம் ஓடியது. மூன்றாம் மணியில் ரத்தத்தில் நஞ்சு பாதியாகக் குறைந்திருந்தது. நான்காம் மணி முடிகையில் அக்கா கண்ணைத் திறந்தாள். தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன்டி இப்படிக் கறுத்துப் போயிட்டே? சாப்பிடறியா இல்லையா?” என்றாள். குமிழம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி இருப்பவர்களைப் பற்றி வெட்கமே இல்லாமல் அழுதாள்.

ஆனால் அடுத்த தடவைக்குக் குமிழ் வேண்டுமே. வேலையும் போயிற்று, அறையும் போயிற்று. இரண்டு நாள் அந்தக் கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடுமாறாமல் படித்துக் காட்டினாள்.

திருட்டு நடந்த விதத்தைக் குழு நேரில் கண்டு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே முன்னாள் ஊழியர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அதே எண்ணிக்கையில் அதே தரத்தில் கலன்களைத் தயாரித்து, அதே பையில் வைத்து, அதே வாசல் வழியாக நடந்து ஆஸ்பத்திரிக்குச் சென்று, அதே மருத்துவரிடம் ஒப்படைத்துக் காட்ட வேண்டும். பதினோரு உறுப்பினர்களும் உடன் நடந்து முழுவதையும் பார்த்தாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அது செல்லாது. ஒன்பது நாள் கழித்து மறுபடி திருடிக் காட்ட வேண்டும். பதினோரு பேரும் முழுமையாகப் பார்க்கும்வரை இது தொடரும்.

அக்கா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நிறுவனத்திலிருந்து ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர். நிழல் கிடையாது.

“ஏன்டி, என்னிக்காவது பதினோரு பேரும் ஒழுங்கா வந்து பார்த்துத் தொலைச்சிட்டா?”

“வர மாட்டாங்கக்கா” என்றாள் குமிழம்மா. “எனக்கு அவங்க மேல நம்பிக்கை இருக்கு.”